பெருநாள்களுக்கு நடுவே 32 கிலோமீட்டர்

“கிறிஸ்மஸ் கழியட்டு மக்கா, பொறவு ஓடிக்கிடலாம்.” டிசம்பர் பிறந்ததும் நாகர்கோவிலில் காலையில் ஓடுகிறவர்களிடையே இந்தப் பேச்சு கேட்கத் தொடங்கிவிடும். ஜனவரியில் சென்னையிலோ மும்பையிலோ மாரத்தான் ஓடப் பணம் கட்டிப் பெயர் கொடுத்தவர்களே இப்படிச் சொல்வார்கள். பக்கத்தில் நிற்கும் ஒருவர், “மனசு வச்சா எல்லாம் நடக்கும்” என்று தைரியம் சொல்வார். இரண்டு பேச்சுமே என்னை உறுத்துகின்றன. முதலாவது காலண்டரைப் பார்க்காமல் சொல்வது. இரண்டாவது உடம்பை நினைக்காமல் சொல்வது.

நம் மாவட்டத்தில் பெருநாள் எப்போது கழிகிறது? நவம்பர் 24-ஐ ஒட்டிக் கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் கொடி ஏறும். டிசம்பர் 3 வரை திருவிழா, கடைசி இரவுகளில் தேர்ப்பவனி. அதோடு சேர்ந்தே கார்த்திகை விளக்கு, சபரிமலை சீசன். அந்தக் கூட்டம் அடங்குமுன் வீட்டுக்கு வீடு ஸ்டார் கட்டி, குடில் வைத்து, இரவு முழுக்க கேரல் சுற்ற ஆரம்பித்துவிடுவார்கள். 24 இரவு பூசை, 25 விருந்து, 31 இரவு ஆராதனை. டிசம்பர் பின்பாதியிலோ ஜனவரி முதல் பாதியிலோ சுசீந்திரத்தில் மார்கழித் தேர். தேர் நிலைக்கு வந்தால் அடுத்து பொங்கல். இங்கே ஒரு வீட்டுப் பெருநாள் அந்த வீட்டோடு நிற்பதும் இல்லை. கேக்கும் முந்திரிக்கொத்தும் எல்லா வாசலுக்கும் வரும், எல்லா வாசலுக்கும் போகும். கொடியேற்றத்திலிருந்து மாட்டுப்பொங்கல் வரை ஏழு வாரத்துக்கு மேல். மாரத்தானுக்கான பயிற்சித் திட்டம் பொதுவாக 16 முதல் 18 வாரம். அதில் ஏறக்குறைய பாதி இந்த ஏழு வாரத்துக்குள் விழுகிறது. ‘கழியட்டும்’ என்று காத்திருப்பவருக்கு அந்தப் ‘பொறவு’ வரும்போது பந்தயமே முடிந்திருக்கும்.

மனசு வைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிசம்பரில் ஓட்டம் நின்றுபோகிறவர்களுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. ராத்திரி ஒன்றரைக்குப் படுத்துவிட்டு, நான்கு மணிக்கு அலாரம் அடிக்கும்போது ‘இன்றைக்கு எழுந்து போகவா, வேண்டாமா’ என்று படுக்கையிலேயே தீர்மானிக்க வேண்டிய நிலையில் அவர்கள் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் யார் தீர்மானித்தாலும் தூக்கம்தான் ஜெயிக்கும். ஆகவே தீர்மானத்தை நவம்பருக்கே நகர்த்திவிட வேண்டும். எந்த ஓட்டத்தை எது வந்தாலும் விடுவதில்லை, எதையெல்லாம் மனம் உறுத்தாமல் விட்டுவிடலாம் என்று முன்கூட்டியே பிரித்து வைத்தவருக்கு டிசம்பரில் மனவலிமை பெரிதாகத் தேவைப்படாது. இந்தக் கட்டுரை அந்தப் பிரிவினையைப் பற்றியது.

எந்தப் பந்தயம், எந்த வாரம்

நகைக்கடையிலோ ஜவுளிக்கடையிலோ கொடுத்த மாதக் காலண்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பந்தய நாளை வட்டமிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர். அதற்கான மிக நீண்ட பயிற்சி ஓட்டம், அதாவது 30 முதல் 32 கிலோமீட்டர் லாங் ரன், பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்னால் வருவது வழக்கம். அதன் பிறகு தூரத்தைக் குறைத்துக்கொண்டே போகும் டேப்பர்.

மும்பை மாரத்தான் ஜனவரியின் மூன்றாம் ஞாயிறு. மூன்றாம் ஞாயிறு எந்த வருடமும் 15-க்கும் 21-க்கும் இடையில்தான் விழும். மூன்று வாரம் கழித்தால் டிசம்பர் 25 முதல் 31 வரை. ஆக, மும்பைக்குத் தயாராகிறவரின் உச்ச ஓட்டம் எந்த ஆண்டும் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரத்தில் மாட்டிக்கொள்ளும். தப்பிக்க வழி கிடையாது. சென்னை மாரத்தான் ஜனவரித் தொடக்கத்தில் வருவதால் அதன் உச்ச ஓட்டம் டிசம்பர் நடுவில் முடிந்து, கிறிஸ்துமஸ் டேப்பருக்குள் விழும். அதில் ஓடுகிறவருக்குக் கவலை வேறு: கால் சும்மா இருக்கும், வாய் சும்மா இருக்காது. பிப்ரவரியில் ஆரோவில் மாரத்தானுக்குப் போகிறவருக்கு டிசம்பர் கடைசி, தூரத்தை மெல்ல ஏற்றிக்கொண்டு போகும் சாதாரணப் பயிற்சி வாரம்தான். 22, 24 கிலோமீட்டர் ஓடினால் போதும், ஒரு வாரம் முன்பின் ஆனாலும் குடி முழுகாது.

மூவருக்கும் ஒரே அறிவுரையைச் சொல்வதால்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். சென்னைக்குப் போகிறவர் கிறிஸ்துமஸ் அன்று குற்ற உணர்ச்சியில் 20 கிலோமீட்டர் ஓடிக் காலைக் களைப்பாக்கிக்கொள்கிறார். மும்பைக்குப் போகிறவரோ அவரைப் பார்த்து, ‘இந்த வாரம் எல்லாரும் குறைச்சுதானே ஓடுறாங்க’ என்று உச்ச ஓட்டத்தையே விட்டுவிடுகிறார். மூன்று பேரில் கஷ்டம் அதிகம் மும்பைக்காரருக்கு என்பதால் இனி வருவது பெரும்பாலும் அவரை மனத்தில் வைத்து எழுதியது.

விடக் கூடாதவை இரண்டு

1980களின் தொடக்கத்தில் சிகாகோவில், இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஹிக்சனும் உடன் பணியாற்றியவர்களும் பயிற்சியைக் குறைத்தால் உடம்பு எதை இழக்கிறது என்று தொடர்ச்சியாகச் சோதித்தார்கள். வாரம் 6 நாள், நாளுக்கு 40 நிமிடம் என்று 10 வாரம் கடுமையாகப் பயிற்சி எடுத்தவர்களை அடுத்த 15 வாரத்துக்குக் குறைத்த பயிற்சியில் வைத்தார்கள். 6 நாளை 2 நாளாகக் குறைத்தபோதும், தீவிரம் குறையாதவரை, உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத்திறன் அப்படியே நின்றது. 40 நிமிடத்தை 13 நிமிடமாகக் குறைத்தபோதும் அந்தத் திறன் நின்றது. ஆனால் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் சக்தி இறங்கியது. தீவிரத்தைக் குறைத்தவர்களுக்கோ, நாளும் நேரமும் மாறாமலிருந்தும், திறன் சரிந்தது. சிறு குழுக்களில் செய்த சோதனைகள்தான். ஆனாலும் பண்டிகைக் காலத்துக்கு இதைவிடப் பயனுள்ள ஓர் ஆய்வு எனக்குத் தெரியாது.

இதை நம் டிசம்பருக்குப் பொருத்திப் பாருங்கள். எத்தனை நாள் ஓடுகிறோம் என்பதைக் குறைக்கலாம். வேகத்தைக் குறைக்கக் கூடாது, நீளத்தை அடியோடு விடக் கூடாது. ஆக வாரத்துக்கு இரண்டே ஓட்டங்கள் விடக் கூடாதவை: ஒன்று வேகமானது, ஒன்று நீளமானது. மற்ற சாவகாச ஓட்டங்கள் 6, 8 கிலோமீட்டர் எல்லாம் கிடைத்தால் லாபம். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நேரம் இல்லாத வாரத்தில் கடினமான இரண்டையும் விட்டுவிட்டு, சும்மா அரைமணி நேரம் மெதுவாக ஓடிவிட்டு ‘விடாம ஓடுறேன்’ என்று ஆறுதல் அடைகிறார்கள். அந்த அரைமணி நேரத்துக்கு வேறு பலன் உண்டு, மறுக்கவில்லை. மாரத்தானுக்கு அது போதாது.

வேக ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். 4 மணி 30 நிமிடத்தில் மாரத்தானை முடிக்க நினைப்பவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய பந்தய வேகம் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 24 வினாடி. 400 மீட்டர் ஓடுதளம் உள்ள மைதானத்தில் நாலு சுற்று மெதுவாக ஓடிச் சூடேற்றிவிட்டு, 1000 மீட்டர் ஓட்டம் ஐந்து. ஒவ்வொன்றும் இரண்டரைச் சுற்று, 5 நிமிடம் 30 வினாடியிலிருந்து 40 வினாடிக்குள். நடுவில் ஒரு சுற்று மெல்லோட்டம். கடைசியில் இரண்டு சுற்று ஆற்றிக்கொள்ள. மைதானம் கிடைக்காவிட்டால் சாலையிலேயே டெம்போ, அதாவது நிற்காமல் சீரான வேகத்தில் ஓடுவது: 2 கிலோமீட்டர் மெதுவாக, 5 கிலோமீட்டர் 5.50-க்கும் 6-க்கும் இடையில், 1 கிலோமீட்டர் மெதுவாக. டெம்போவின்போது நாலு வார்த்தை பேச முடிய வேண்டும், நாலு வாக்கியம் பேச முடியக் கூடாது. அதுதான் அளவு. கேரல் முடிந்து தாமதமாகப் படுத்த மறுநாள் இதைச் செய்யாதீர்கள். தூக்கம் கெட்ட உடம்பு அந்த வேகத்தைத் தரும், தந்துவிட்டுக் கெண்டைக்காலில் வட்டி வாங்கும். ஒரு நாள் தள்ளிப் போட்டால் ஒன்றும் குறையாது.

கிறிஸ்துமஸ் வாரத்தின் ஏழு நாள்

மும்பைக்குத் தயாராகிறவருக்கு மொத்தப் பயிற்சியும் திரும்புகிற இடம் இந்த வாரம்தான். அதனால் நாள் நாளாகவே பேசலாம்.

வேக ஓட்டத்தை 22 அல்லது 23-ம் தேதி காலையிலேயே முடித்துவிடுங்கள். 24-ம் தேதிக்கு வைத்தால் கேக், இறைச்சி, துணி, குடிலில் எரியாத சீரியல் பல்பு என்று ஏதாவது ஒன்று அதை விழுங்கிவிடும். 24 காலையில் விருப்பமிருந்தால் 5 கிலோமீட்டர். அன்று இரவு பூசைக்குப் போகிறவர்கள் வீடு திரும்ப இரண்டு மணி ஆகும். விடியற்கால ஆராதனைக்குப் போகிறவர்கள் மூன்றரைக்கே எழுந்திருப்பார்கள். எப்படியானாலும் 25 ஓய்வு. அதைக் காலண்டரில் ‘ஓய்வு’ என்று பேனாவால் எழுதுங்கள். எழுதிவைத்த ஓய்வும் தவறவிட்ட ஓட்டமும் உடம்புக்கு ஒன்றுதான், மனசுக்கு ஒன்றல்ல. எழுதி வைத்தவர் விருந்தில் நிம்மதியாக உட்காருவார். தவறவிட்டவர் சாப்பிட்டுக்கொண்டே கணக்குப் போடுவார்.

அந்தக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகும். 60 கிலோ எடையுள்ளவர் 10 கிலோமீட்டர் ஓடினால் 600. பிளம் கேக்கும் பிரியாணியும் சாப்பிட்டதை ‘எரிக்க’ மறுநாள் 15 கிலோமீட்டர் ஓடுகிறவர் விருந்தை முழுசாக எரிப்பதும் இல்லை, இரண்டு நாள் கழித்து வரும் 32-க்குக் காலைப் புதிதாக வைத்துக்கொள்வதும் இல்லை. சாப்பாட்டுக்கு அபராதமாக ஓடும் பழக்கத்தை நான் எங்கே பார்த்தாலும் எதிர்ப்பேன். ஓட்டத்தின் மீதுள்ள ஆசையை அது மெல்லக் கொன்றுவிடும்.

26 காலையில் 6 கிலோமீட்டர், மெதுவாக. கடற்கரைச் சாலையில் வேண்டாம். 2004-ல் ஆழிப்பேரலை வந்த நாள் அது. கொளச்சல், மணக்குடி போன்ற ஊர்களில் அன்று காலை நினைவிடங்களுக்கு மக்கள் மெழுகுவர்த்தியோடும் பூவோடும் வருவார்கள். அந்தத் தெரு வழியாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஓடுவது முறையல்ல. உள்நாட்டுப் பக்கம் வயல்களும் குளக்கரைகளும் எவ்வளவோ இருக்கின்றன.

27 ஓய்வு அல்லது அரைமணி நடை. லாங் ரன் 28-ல் என்று வைத்துக்கொள்வோம். அது ஞாயிறாகவே இருக்க வேண்டியதில்லை. அரையாண்டு விடுமுறை இருப்பதால் பலருக்கு இந்த வாரத்தில் எந்த நாளும் சரிதான். ஞாயிறு முதல் பூசையை விடாதவர்களுக்கு இது பெரிய வசதி. நிபந்தனை ஒன்றே: முந்தைய இரண்டு இரவும் சேர்த்துப் பதின்மூன்று மணி நேரமாவது தூங்கியிருக்க வேண்டும். பூசை முடிந்து வந்த காலையில் 32 ஓடுவதில் வீரம் எதுவும் இல்லை.

நேரக் கணக்கு இப்படி. நமது 4.30 இலக்குக்காரர் லாங் ரன்னைக் கிலோமீட்டருக்கு 7 நிமிடத்தை ஒட்டி ஓட வேண்டும். 30 கிலோமீட்டருக்கு மூன்றரை மணி நேரம். அதற்கு மேல் போகாதீர்கள். மெதுவாக ஓடுகிறவர் 32-ஐ எட்ட நாலேகால் மணி நேரம் காலில் நிற்பதால் வரும் தேய்மானம் அந்தக் கடைசி ஐந்தாறு கிலோமீட்டர் தரும் பயனை விட அதிகம். மூன்றரை மணி நேரத்தில் 28 வந்தால் 28. நான்கு மணிக்குக் கிளம்பினால் ஏழரைக்கு முடியும். டிசம்பர் கடைசியில் நமக்குச் சூரியன் உதிப்பது ஆறரையை ஒட்டி. ஆக, முதல் இரண்டரை மணி நேரம் இருட்டு, கடைசி ஒரு மணி நேரம்தான் வெயில், அதுவும் இளவெயில். எட்டரை தாண்டினால் கடலோர ஈரக்காற்றில் வியர்வை உலராது, உடம்புச் சூடு இறங்காது, அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும்.

அந்த இருட்டில் நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் நெடுஞ்சாலையைத் தொடாதீர்கள். சபரிமலை சீசனில் வெளிமாநில வேன்களும் பேருந்துகளும் சூரிய உதயம் பார்க்க அந்த நேரத்தில்தான் விரையும். ஓட்டுநர்கள் இரவு முழுக்க வண்டி ஓட்டி வந்தவர்கள். வடசேரியில் தொடங்கிப் புத்தேரி, இறச்சகுளம், பூதப்பாண்டி, திட்டுவிளை என்று போகும் சாலை அமைதியானது. வலப்புறமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுங்கள். நெற்றி விளக்கும் ஒளி பட்டால் மின்னும் மேல்சட்டையும் இல்லாமல் இறங்கக் கூடாது. சுசீந்திரம், தேரூர் குளங்களை ஒட்டிய பாதைகளை வெளிச்சம் வந்த பிறகு வைத்துக்கொண்டால் வலசை வந்த பறவைகளும் கண்ணுக்குக் கிடைக்கும். 2022-ல் அந்த ஈரநிலங்கள், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. சானல் கரை மழை பெய்த வாரத்தில் ஆகாது. பாசி பிடித்த காங்கிரீட்டில் திருப்பத்தில் கால் வழுக்கினால் முழங்கால் போய்விடும். சென்னைப் பாதை சமதளம் என்பதால் நாஞ்சில் நாட்டு வயல்வழிச் சாலைகள் போதும். மும்பையில் கடைசிப் பத்து கிலோமீட்டருக்குள் பெடர் ரோடு ஏற்றம் காத்திருக்கிறது. அதற்காக நவம்பரிலேயே இரண்டு லாங் ரன்களைத் தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து ஏற்ற இறக்கங்களில் முடித்திருக்க வேண்டும். கிறிஸ்துமஸ் வாரத்தில் மேடு தேடிப் போக வேண்டாம்.

சாப்பாடு. முந்தைய மதியமும் இரவும் சோறு, இடியாப்பம், ஆப்பம் போன்றவை தாராளமாக. மரச்சீனியும் மீனும் மதியத்துக்கு நல்லது, இரவுக்குக் கனம். முந்திரிக்கொத்தும் அச்சப்பமும் எண்ணெயில் பொரித்தவை. முந்திரிக்கொத்தில் சிறுபயறு வேறு. அவற்றை ஓட்டத்துக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஓர் ஏத்தன் பழம், கட்டன் காப்பி. ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். தசையில் சேமித்த கிளைக்கோஜன் 30 கிலோமீட்டருக்கு மேல் பலருக்கும் தீர்ந்துவிடும் என்பதால் இந்தப் பழக்கத்தை வயிற்றுக்கு இப்போதே கற்றுத்தர வேண்டும். ஓடிக்கொண்டே உறிஞ்சுவதற்குச் சின்னப் பொட்டலத்தில் வரும் இனிப்புக் கூழான ஜெல் ஒன்றில் 22 முதல் 25 கிராம் இருக்கும். ஜெல் பிடிக்காதவர்களுக்கு: ஒரு லிட்டர் தண்ணீரில் 60 கிராம் கருப்பட்டி, கால் தேக்கரண்டி உப்பு, அரை எலுமிச்சை. கருப்பட்டியைக் கொதிக்கவைத்து, மண் போக வடிகட்டி, ஆறிய பிறகு கலக்குங்கள். வடிகட்டாவிட்டால் பாட்டில் மூடியில் மண் அடைக்கும். கூடவே மட்டிப் பழம் இரண்டு மூன்று. சின்னதாக இருப்பதால் ஓடிக்கொண்டே தின்னலாம். இளநீர் முடிந்த பிறகுதான். அதில் பொட்டாசியம் நிறைய, வியர்வையில் போகும் சோடியம் குறைவு. ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குடியுங்கள்.

மழை வந்தால்? வடகிழக்குப் பருவமழை டிசம்பர் முழுக்க நம்மை விடாது. 2017-ல் நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தது, 2023 டிசம்பர் 17, 18-ல் தென்மாவட்டங்கள் மூழ்கின. புயல் எச்சரிக்கை இருந்தால் வீட்டில் இருங்கள், அதில் பேச்சே இல்லை. சாதாரணத் தூறலில் ஓடலாம். ஈரத் துணி உரசித் தோல் உரியும் இடங்களான தொடை, அக்குள், மார்புக்காம்பு, கால் விரல் இடுக்கு எல்லாவற்றிலும் வாசலின் தாராளமாகப் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் ஒரு மணி நேரத்தில் கரைந்துவிடும். பருத்தி பனியன் வேண்டாம். நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணிக்கொரு தடவை தாளை மாற்றினால் மறுநாளைக்குள் காயும். வெயிலில் வைத்தால் பசை விட்டுப்போகும். இந்த மாதத்துக்கு இரண்டு ஜோடி ஷூ இருப்பது ஆடம்பரம் இல்லை. இரண்டிலும் குறைந்தது 50 கிலோமீட்டர் ஓடியிருக்க வேண்டும்.

வீட்டில் எப்படிக் கேட்பது

பண்டிகை வீட்டில் ‘நான் தினமும் காலையில் ஓடப் போவேன்’ என்று சொன்னால் எல்லாருக்கும் எரிச்சல் வரும், நியாயமாகவே. ‘28-ந் தேதி காலையில் எட்டு மணி வரை என்னை விட்டுடுங்க, மத்த நாளெல்லாம் நீங்க சொல்ற வேலை’ என்று கேட்டால் எந்த அம்மாவும் மறுக்க மாட்டார். ஒரே ஒரு காலையைக் கேளுங்கள், அதைப் பத்து நாள் முன்பே கேளுங்கள். கல்ஃபிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் லீவுக்கு வந்திருக்கும் சொந்தக்காரர்கள் தடை என்று நினைக்காதீர்கள். “சித்தப்பா, நான் பைக்ல தண்ணி கொண்டு கூட வாறேன்” என்று சொல்லத் தயாராக ஒரு காலேஜ் பையன் எல்லா வீட்டிலும் இருப்பான். பின்னால் ஒரு ஸ்கூட்டர் விளக்கு இருந்தால் இருட்டுப் பயம் போகும், நாய்த் தொல்லையும் பாதி குறையும். இருபத்தைந்தாவது கிலோமீட்டரில் நிறுத்திவிடலாமா என்று தோன்றும்போது, நமக்காக நாலு மணிக்கு எழுந்து வந்த ஒருவன் பக்கத்தில் இருக்கிறான் என்பதற்கு நிகரான ஊக்கம் வேறு கிடையாது.

பெண்களுக்கு இந்தப் பேச்சு இவ்வளவு எளிதல்ல. பயிற்சித் திட்டம் எழுதும் யாரும் இதைக் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை. தேங்காய் துருவுவதும் மாவு இடிப்பதும் இறைச்சி கழுவுவதும் வந்தவர்களுக்குக் காப்பி போடுவதும் அவர்கள் தலையில் இருக்கிறது. ஒரு நாள் முழுக்க அடுப்படியில் நின்ற காலுக்கு அதுவே ஒரு பயிற்சிச் சுமை. முறுக்குச் சுட்ட நாளுக்கு மறுநாள் காலை வேக ஓட்டம் வைக்கவே கூடாது. ஓட வேண்டிய மைனிக்காக வீட்டிலுள்ள ஆண்கள் அந்த ஒரு நாள் அடுப்படியை எடுத்துக்கொள்வதுதான் உண்மையான உதவி, “உன்னால முடியும்” என்று சொல்வது இல்லை. தனியாக இருட்டில் ஓட முடியாதவர்கள் ஐந்தரைக்கு, குறைந்தது மூன்று பேராகத் தொடங்கலாம். வெயில் ஏறிய கடைசி ஒரு மணி நேரத்துக்குக் கிலோமீட்டருக்கு 15, 20 வினாடி கூடுதலாக ஆகும் என்று ஏற்றுக்கொண்டு, தொப்பியும் கூடுதல் அரை லிட்டர் தண்ணீரும் வைத்துக்கொண்டால் போதும்.

இவ்வளவு திட்டம் போட்டும் ஓட்டம் தவறும். வீட்டில் ஒரு துக்கம், காய்ச்சல், தொடர்மழை. தவறிய கிலோமீட்டரைச் சேர்த்து ஓடிக் கடனை அடைக்க நினைப்பதுதான் டிசம்பர் காயங்களுக்கு முதல் காரணம். முழங்காலின் வெளிப்பக்க வலி, முன்கால் எலும்பு வலி, குதிகால் நரம்பு இழுப்பு எல்லாம் இப்படித்தான் வருகின்றன. மூன்று நாள் வரை தவறினால் எதுவுமே நடக்காதது போல அன்றைய திட்டத்தைத் தொடருங்கள். ஒரு வாரம் தவறினால் அடுத்த வாரத்தை வழக்கமான தூரத்தில் 70, 80 சதவீதத்தோடு தொடங்குங்கள். பத்து நாள் தாண்டினால் அடுத்த லாங் ரன்னை ஒரு படி இறக்குங்கள். உச்ச ஓட்டமே போய்விட்டால் புத்தாண்டு கழிந்த முதல் ஞாயிறு 24, 26 கிலோமீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அப்போது 32 ஓடினால் அந்தக் களைப்பு தீர நாள் இருக்காது. மூன்று வாரம் முழுசாக ஓடாதவர் இலக்கு நேரத்தை மறந்துவிட்டு ஓட வேண்டும், அல்லது அரை மாரத்தானுக்கு மாற்றிக்கொள்ள அனுமதி உண்டா என்று கேட்க வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பொங்கலும் ரயிலும்

உச்ச ஓட்டம் முடிந்ததும் டேப்பர். கடைசி இரண்டு வாரத்தில் மொத்தத் தூரத்தை 40 முதல் 60 சதவீதம் குறைக்க வேண்டும். வேகத்தை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். 1000 மீட்டர் ஐந்து ஓடியவர் மூன்று ஓடினால் போதும், அதே நேரத்தில். எடை ஒரு கிலோ ஏறினால் பதற வேண்டாம். ஒரு கிராம் கிளைக்கோஜன் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். பந்தயத்துக்கு வேண்டிய சேமிப்பு அது. இந்த நாள்களில் கால் கனக்கிறது, எங்கோ குத்துகிறது என்று தோன்றுவதும் சகஜம். 31 இரவு ஆராதனை முடிந்து வந்தால் ஜனவரி 1 காலை தூங்குங்கள். புத்தாண்டு என்பதற்காக 21 கிலோமீட்டர் ஓடிப் படம் போட வேண்டியதில்லை.

மும்பைக்குப் போகிறவருக்குப் பொங்கல் பந்தய வாரத்தில் அல்லது அதற்கு முந்தைய வாரக் கடைசியில் வரும். சர்க்கரைப் பொங்கல் மாவுச்சத்துதான், நெய்யைக் குறைத்து வாங்கிக்கொள்ளுங்கள். கரும்பைக் கடைசி இரண்டு நாளில் தவிர்க்கலாம். மென்று துப்பினாலும் நார் உள்ளே போகும், வாயும் புண்ணாகும்.

டிக்கெட்டை மறந்துவிட்டுப் பயிற்சி எடுத்துப் பயனில்லை. ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்புதான் திறக்கிறது. ஜனவரி முதல் வாரத்தில் சென்னைக்குப் போகும் வண்டிகளில் விடுமுறைக்கு வந்த மொத்த மாவட்டமும் திரும்பிப்போகும். பொங்கலையொட்டி வடக்கே போகிற வண்டிகளும் அப்படித்தான். வண்டி ஏறும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி நவம்பரில் அந்த 60-ம் நாள் காலை எட்டு மணிக்கே எடுத்துவிடுங்கள். கீழ்ப் படுக்கையாக எடுங்கள், நடுப் படுக்கையில் காலை நீட்டி மடக்க இடம் இருக்காது. மும்பையில் பந்தய எண்ணைப் பந்தயத்தன்று காலையில் வாங்க முடியாது, முந்தைய நாள்களிலேயே நேரில் வாங்க வேண்டும். நாகர்கோவிலிலிருந்து மும்பைக்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதனால் வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேரும்படி புதன் அல்லது வியாழன் கிளம்புவது பாதுகாப்பு. வண்டியில் இரண்டு மணிக்கொரு தடவை எழுந்து பெட்டியின் நீளத்துக்கு நடங்கள். பெரிய நிலையங்களில் இறங்கிக் கெண்டைக்காலை நீட்டுங்கள், ஆனால் பெட்டியை விட்டுத் தூரம் போகாதீர்கள். முதல் நாளுக்கு வீட்டு இட்லி, மிளகாய்ப்பொடி குறைவாக. இரண்டாம் நாளுக்கு அவல், பழம், ரொட்டி. தண்ணீர் மூடி உடைக்காத பாட்டிலில் மட்டும். ஷூவையும் ஓடும் உடையையும் ஜெல்லையும் பெரிய பெட்டிக்குள் வைக்காமல் தலைமாட்டில் வைக்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் தொலைந்தாலும் மும்பையில் வாங்கிக்கொள்ளலாம், பழகிய ஷூவை வாங்க முடியாது.